முழு வீடியோ வேண்டாம், பன்னிரண்டு நொடி போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கைவேலை, ஆட்டம், பாட்டு, தேயிலைக் கவாத்து (செடியை வெட்டிச் சீராக்குவது) என்று எதைக் கற்றுக்கொடுத்தாலும் இன்று பாதிப் பாடம் வீடியோவில்தான் நடக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்குப் படுகர் ஆட்டம் பழகும் பிள்ளைகள், மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் எம்பிராய்டரி பழகும் இளம்பெண்கள், கவாத்துக் கத்தி பிடிக்கப் பழகும் சிறு விவசாயிகள் எல்லோரும் ஏதோ ஒரு திரையைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். பார்க்கும் முறையோ எங்கும் ஒன்றுதான். முதலிலிருந்து ஓட்டுகிறார்கள். புரியாத இடம் கடந்துபோனதும் கீழே உள்ள கோட்டை விரலால் பின்னுக்கு இழுக்கிறார்கள். அது தேவையான இடத்தைத் தாண்டி எங்கோ போய் நிற்கிறது. மறுபடி இழுக்கிறார்கள். கண் அந்த அசைவைப் பிடிக்கும் முன்பே சலிப்பு வந்துவிடுகிறது.

விரலின் மீது குற்றமில்லை. ஐந்து நிமிட வீடியோ ஒன்று. கைப்பேசித் திரையில் அந்தக் கோட்டின் நீளம் ஏழு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 நொடியை 70 மில்லிமீட்டரால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு நொடிக்கு மேல் வருகிறது. கற்க வேண்டிய அசைவோ மூன்று நொடி. எவ்வளவு கவனமாக இழுத்தாலும் விரல்நுனிக்கு அந்தத் துல்லியம் வராது.

இதற்கு மருந்து மீடியா பிளேயருக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி வைத்துவிட்டால் அந்த இடைவெளி மட்டும் நாம் நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும். இதை ஏ–பி ரிப்பீட் என்கிறார்கள். காசு கிடையாது, இணையம் தேவையில்லை. இருந்தும் பயிற்சி வகுப்புகளில் இது பயன்படுவதில்லை. பலரும் பயன்படுத்தும் விஎல்சி என்ற இலவச மீடியா பிளேயரைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் இந்தப் பொத்தான் இல்லாததே முக்கியக் காரணம். உங்கள் வாசகர்களில் ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் பலர் இருப்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

விண்டோஸிலும் லினக்ஸிலும் விஎல்சியைத் திறந்து, மேலே 'வியூ' மெனுவில் 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' என்பதை டிக் செய்ய வேண்டும். பிளே பொத்தானுக்கு மேலே புதிதாகச் சிறு பொத்தான்கள் நான்கு தோன்றும். சிவப்பு வட்டம் பதிவு செய்வதற்கு. அடுத்தது திரையைப் படமாக எடுக்க. மூன்றாவதில் ஏ, பி என்ற எழுத்துகள் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். நான்காவது ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு தனிப் படமாக, நகர்த்த. வீடியோ ஓடும்போது, அசைவு தொடங்கும் இடத்தில் மூன்றாவது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஏ குறி விழும். அசைவு முடியும் இடத்தில் இரண்டாம் முறை அழுத்தினால் பி குறி விழும், அந்த நொடியே லூப், அதாவது அந்தப் பகுதி திரும்பத் திரும்ப ஓடுவது, தொடங்கிவிடும். மூன்றாம் முறை அழுத்தினால் இரண்டு குறியும் அழிந்து வீடியோ இயல்பாக ஓடும்.

பக்கத்தில் இரண்டு அம்புகள் சுற்றுவதுபோல் இருக்கும் லூப் பொத்தானோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முழுக் கோப்பையோ முழுப் பட்டியலையோ திருப்பி ஓட்டுவது. "லூப் போட்டேன், வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் குழப்பம்தான்.

குறி வைக்கும்போது வரும் முதல் சிக்கல் கைத்தாமதம். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் நொடியில் கால்பங்கு போய்விடும். ஏ குறி எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே விழும், அசைவின் தொடக்கம் வெட்டுப்படும். வேகத்தைப் பாதியாக்கிவிட்டுக் குறி வைத்தால் இந்தப் பிழையும் பாதியாகும். சதுர அடைப்புக்குறி விசைகள் இதற்குத்தான்: இடது அடைப்புக்குறி ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேகத்தை 0.1 குறைக்கும், வலது அடைப்புக்குறி 0.1 கூட்டும், சமக்குறி விசை பழைய வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். இடம் தேட ஷிஃப்ட்டோடு இடது அல்லது வலது அம்பு அழுத்தினால் 3 நொடி, ஆல்ட்டோடு 10 நொடி, கண்ட்ரோலோடு 1 நிமிடம் நகரும். ஆங்கில 'இ' (E) விசை ஒரு ஃபிரேம் முன்னே போகும். இப்போது புழக்கத்தில் உள்ள விஎல்சி 3-இல் ஒரு ஃபிரேம் பின்னே வர விசை இல்லை.

ஃபிரேம் அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் எம்பிவி என்ற இலவச பிளேயரை நாங்கள் பரிந்துரைக்கிறோம். அதில் விஎல்சிபோல் மேலே மெனு வரிசை கிடையாது, பெரும்பாலும் விசைதான். அது முதலில் மிரட்டும், ஒரே நாளில் பழகிவிடும். சிறிய 'எல்' விசையை முதலில் அழுத்தினால் ஏ, மறுபடி அழுத்தினால் பி, மூன்றாவது அழுத்தலில் நீக்கம். முற்றுப்புள்ளி விசை ஒரு ஃபிரேம் முன்னே, காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னே. நிறுத்தி வைத்து, சரியான ஃபிரேமுக்கு நகர்த்தி, அங்கேயே குறி போடலாம். கைத்தாமதம் என்ற பேச்சே இல்லை. அடைப்புக்குறி விசைகள் இதிலும் வேகத்தை மாற்றும், பேக்ஸ்பேஸ் இயல்பு வேகத்துக்குத் திருப்பும்.

இனி, குறியை எங்கே வைப்பது என்பது. கருவியை அறிந்தவர்களும் சறுக்கும் இடம் இது. அசைவு தொடங்கும் அதே நொடியில் ஏ வைத்தால், பார்ப்பவரின் கை ஊசியை எடுத்துத் தயாராவதற்குள் அசைவு பாதி முடிந்திருக்கும். கைவேலைக்கு ஏ குறியை அசைவுக்கு ஒரு நொடி முன்னும், பி குறியை ஒரு நொடி பின்னும் வைக்க வேண்டும். மூன்று நொடி அசைவுக்கு ஐந்து நொடி லூப்.

ஆட்டத்துக்கு இந்த விதி செல்லாது. முன்னும் பின்னும் ஒரு நொடி விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தடுக்கி, கால் குழம்பிவிடும். முதல் அடிக்குச் சற்று முன்னால் ஏ, அதே சுற்று முடிந்து அடுத்த முதல் அடிக்குச் சற்று முன்னால் பி என்று வைத்தால் லூப் திரும்புவது காதுக்கே தெரியாது. ஒரு சுற்று நான்கு நொடிதான் என்றால் மூன்று சுற்றுகளைச் சேர்த்துப் பன்னிரண்டு நொடியாக வையுங்கள். மிகக் குறுகிய லூப் மூச்சுவாங்கச் செய்யும், இருபது நொடியைத் தாண்டினால் முதலில் பார்த்தது மறந்துபோகும். ஒரு பகுதி பழகியதும் அடுத்த பகுதிக்குத் தாவாமல், முதல் பகுதியின் பின்பாதியும் இரண்டாம் பகுதியின் முன்பாதியும் சேர்ந்த ஒரு லூப்பை நடுவில் ஓட்ட வேண்டும். மேடையில் பிள்ளைகள் தடுமாறுவது அசைவுகளில் அல்ல, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பில்தான்.

எத்திசையிலிருந்து பார்க்கிறோம் என்பது இதைவிடப் பெரிய விஷயம். ஆடுபவர் கேமராவைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது கை நமக்கு இடப்பக்கம் தெரிகிறது. பார்த்துப் பழகும் குழந்தை கண்ணாடியைப் பார்ப்பதுபோல் இடது கையைத் தூக்கும். விஎல்சியில் கண்ட்ரோலும் 'இ'யும் சேர்த்து அழுத்தி, 'வீடியோ எஃபெக்ட்ஸ்' பகுதியில் 'ஜியாமெட்ரி' தாவலுக்குப் போய், 'டிரான்ஸ்ஃபார்ம்' டிக் செய்து, 'ஃபிளிப் ஹாரிசான்டலி' தேர்ந்தால் படம் இடவலமாக மாறிவிடும். குழந்தை கண்ணாடிபோல் பின்பற்றினாலே சரியான கை தூக்கும். ஆனால் வட்டமாக ஆடுவதை மாடியிலிருந்தோ மேட்டிலிருந்தோ எடுத்த வீடியோவுக்கு இதைச் செய்யவே கூடாது. வட்டம் சுற்றும் திசையே தலைகீழாகிவிடும்.

ஊசிவேலைக்கு இடவல மாற்றம் தவறு. தைப்பவருக்கு எதிரே உட்கார்ந்து எடுத்த வீடியோவில் இடமும் வலமும் மட்டுமல்ல, மேலும் கீழும் மாறியிருக்கும். அதே பட்டியலில் 180 டிகிரி திருப்புவதைத் தேர்ந்தால், தைப்பவரின் கண் பார்க்கும் கோணமே திரையில் கிடைக்கும், வலது கை வலது கையாகவே இருக்கும். தோடர் எம்பிராய்டரிக்கு இது உயிர்நாடி. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்யும் அந்த வேலைக்கு மாதிரி வரைவது கிடையாது, சட்டம் கட்டுவதும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணியே ஊசி நகர்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. ஊசி எத்தனை இழைக்கு மேலே போகிறது, எத்தனை இழைக்குக் கீழே போகிறது, திரும்பும் இடத்தில் நூலை எவ்வளவு தளர விடுகிறார்கள் என்பதுதான் பாடம். தையலின் ஒரு வரிசையை ஐந்து நொடி லூப்பில் பாதி வேகத்தில் ஓட்டி, அதே ஜியாமெட்ரி தாவலில் உள்ள 'இன்டராக்டிவ் ஜூம்' கொண்டு பெரிதாக்கினால் இழைகளை எண்ணலாம். முழு வீடியோவைப் பத்துமுறை பார்த்தாலும் எண்ண முடியாது.

படத்தைத் திருப்பினால் சில கணினிகளில் மாற்றம் உடனே தெரியாது, வீடியோவை நிறுத்தி மறுபடி திறக்க வேண்டியிருக்கும். நிறுத்தினால் ஏ–பி குறிகள் போய்விடும். ஆகவே முதலில் திசை, அடுத்து வேகம், கடைசியில் குறி. விஎல்சி இந்தக் குறிகளைக் கோப்போடு சேமித்து வைப்பதில்லை. வேறொரு வீடியோ திறந்தாலும் போய்விடும். பயிற்சி மையத்தில் கணினி அருகே ஒரு நோட்டு இருக்கட்டும்: கோப்பின் பெயர், ஏ நேரம், பி நேரம், வேகம், திருப்பம். கண்ட்ரோலும் 'டி'யும் அழுத்தினால் நேரத்தைத் தட்டச்சு செய்து நேரே அந்த இடத்துக்குப் போகலாம்.

தினமும் அதே பகுதி வேண்டுமென்றால் சேமிக்கவும் வழி உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், 'ஓ' மூன்றையும் அழுத்தினால் திறக்கும் பெட்டியில் கோப்பைச் சேர்த்து, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் கொடுக்க இடம் வரும். ஓட்டியபின் கண்ட்ரோலும் 'ஒய்'யும் அழுத்தி பிளேலிஸ்ட்டாகச் சேமித்துக்கொள்ளலாம். மறுநாள் அந்தப் பட்டியலைத் திறந்து, முழுக் கோப்பைத் திருப்பி ஓட்டும் லூப் பொத்தானை 'ஒன்று மட்டும்' நிலையில் வைத்தால் போதும். இதில் ஒரு குறை: ஒவ்வொரு சுற்றிலும் கோப்பு புதிதாகத் திறப்பதால் நடுவில் ஒரு கணம் கறுப்புத் திரை வரும். கைவேலைக்குப் பாதகமில்லை, தாளத்துக்கு ஆகாது.

லூப் சரியாக வேலை செய்யாதபோது காரணம் பெரும்பாலும் கோப்புக்குள் இருக்கும். வீடியோக் கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. அவ்வப்போது வரும் கீஃபிரேம் மட்டுமே முழுப் படம், இடையில் உள்ளவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து மாறியதை மட்டும் சொல்பவை. வீடியோவைச் சுருக்கும் எச்.264 என்ற முறையில் கோப்புகளை உருவாக்கும் எக்ஸ்264 மென்பொருளின் இயல்பு அமைப்பில் ஒரு கீஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் 250 ஃபிரேம் வரை இருக்கலாம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் பத்து நொடி. பிளேயர் ஏ குறிக்குத் திரும்பும்போது அதற்கு முந்தைய கீஃபிரேமிலிருந்து எல்லாவற்றையும் விரித்துக்கொண்டு வர வேண்டும். பழைய கணினியில் இது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திணறலாகத் தெரியும். விஎல்சி அமைப்புகளில் 'ஆல்' என்பதைத் தேர்ந்து 'இன்புட்/கோடெக்ஸ்' பகுதியில் 'ஃபாஸ்ட் சீக்' டிக் ஆகியிருந்தால், பிளேயர் துல்லியத்தை விட்டுவிட்டு அருகிலுள்ள கீஃபிரேமுக்குத் தாவிவிடும். ஏ குறி வைத்த இடத்தை விட்டு வேறு இடத்தில் தொடங்குகிறது என்றால் முதலில் அந்த டிக்கை எடுங்கள்.

அதற்குப் பிறகும் திணறினால் கோப்பு, இன்னும் அதிகமாகச் சுருக்கும் எச்.265 வகையா என்று பாருங்கள். விஎல்சியில் கண்ட்ரோலும் 'ஜே'யும் அழுத்தினால் கோடெக் (சுருக்கும் முறை) பெயர் தெரியும். இடம் மிச்சப்படுத்த இன்றைய கைப்பேசிகள் பல அந்த வகையில்தான் பதிகின்றன. 2015-இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளில் எச்.265-ஐ முழுமையாக விரிப்பதற்கான தனிச் சுற்று இல்லை. முழுப் பாரமும் பிராசஸர் தலையில் விழும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளை இன்னும் நம்பியிருக்கும் வகுப்புகளில் இதுதான் நடக்கிறது. வீடியோ எடுக்கும் முன்பே கைப்பேசி கேமரா அமைப்பில் எச்.264-க்கு மாற்றிவிடுவது நல்லது. எடுத்தாகிவிட்டது என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264 ஆக, 720 வரிக்கு, நிலையான ஃபிரேம் வேகத்தில் மாற்றி, கீஃபிரேம் இடைவெளியை 25 ஃபிரேமாகக் குறைத்துக்கொள்ளலாம். கோப்பு கொஞ்சம் பருக்கும். லூப் வெண்ணெய்போல் ஓடும். பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல் கணினிக்குள் நகலெடுத்தபின் ஓட்டுவதும் பழைய கணினிகளில் வித்தியாசம் தரும்.

பி குறியைக் கோப்பின் கடைசி நொடியில் வைத்தால் லூப் நின்றுவிடுவது உண்டு. பி வரும் முன்பே கோப்பு முடிந்துவிடுவதுதான் காரணம். முடிவுக்கு ஒரு நொடி முன்னால் பி வையுங்கள்.

வேகத்தைக் குறைப்பதிலும் அளவு தெரிய வேண்டும். விஎல்சி வேகத்தை மாற்றினாலும் சுருதி மாறாது. ஒலியை நீட்டும் வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். குரல் தடித்துப்போனால் அமைப்புகளில் ஆடியோ பகுதியில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' அணைந்திருக்கிறது என்று பொருள். பேச்சையும் பாட்டையும் 0.7 வரை குறைத்துக் கேட்கலாம். 0.5-க்குக் கீழே போனால் குரல் உலோகச் சத்தமாக மாறும். மேளச் சத்தத்துக்கு 0.7-க்குக் கீழே போக வேண்டாம், அடியின் முனை மழுங்கி, எந்த இடத்தில் விழுகிறது என்பதே தெரியாமல் போகும். கண்ணுக்கு வரம்பு வேறு. நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்ததைப் பாதி வேகத்தில் ஓட்டினால் நொடிக்குப் பன்னிரண்டு சொச்சம் படங்களே மிஞ்சும், ஊசி தாவித்தாவிப் போவதுபோல் தெரியும். 60 ஃபிரேமில் எடுத்திருந்தால் பாதி வேகத்திலும் 30 படம் கிடைக்கும். கவாத்துக் கத்தியின் வீச்சு ஒரு நொடிகூட ஆகாது. வெட்டு சாய்வாக விழுகிறதா, பட்டை பிளக்காமல் வருகிறதா என்று காட்ட 60 ஃபிரேமில் எடுத்தே ஆக வேண்டும்.

கைப்பேசியில் விஎல்சி வைத்திருப்பவர்கள் வீடியோ ஓடும்போது திரையைத் தொட்டு, மூன்று புள்ளி மெனுவில் 'ஏ–பி ரிப்பீட்' தேர்ந்து, தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கலாம். எம்எக்ஸ் பிளேயரிலும் இந்த வசதி உண்டு. யூடியூபில் முழு வீடியோவை லூப்பில் போடலாம்: கணினியில் படத்தின் மீது வலது கிளிக், கைப்பேசியில் அமைப்புச் சக்கரத்துக்குள் கூடுதல் அமைப்புகள். பகுதியை மட்டும் லூப் செய்ய வழி இல்லை. அதில் 'டவுன்லோடு' கொடுத்துச் சேமித்ததும் அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும், விஎல்சியில் திறக்க முடியாது.

சிக்னல் நிலையில்லாத மலைக் கிராமங்களில் இணையத்தை நம்பிப் பாடம் நடத்துவதே தவறான தொடக்கம். நொடிக்கு இரண்டரை மெகாபிட் வேகத்தில் வரும் ஐந்து நிமிட வீடியோ ஏறத்தாழ 94 எம்பி. முதலிலிருந்து பத்துமுறை இறக்கி ஓட்டினால் 900 எம்பிக்கு மேல். அதே வீடியோவை எடுத்தவரிடம் அனுமதி கேட்டு மூலக் கோப்பாக ஒருமுறை வாங்கி வைத்தால் நூறுமுறை லூப் ஓட்டினாலும் செலவு பூஜ்யம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது சுருக்கிச் சுருக்கி இழைகளைக் கூழாக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். அனுமதி என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறோம். சடங்குப் பாட்டையும் கோயில் ஆட்டத்தையும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் நகலெடுத்து வகுப்பில் ஓட்டக் கூடாது.

பள்ளியில் பெரிய டிவி இருக்கிறது, கணினி இல்லை என்றால் வேறு வழி. டிவிக்குள் இருக்கும் பிளேயர்களில் பெரும்பாலும் முழுக் கோப்பைத் திருப்பி ஓட்டும் வசதி மட்டுமே உண்டு. வேண்டிய பகுதியை கைப்பேசி கேலரியில் வெட்டித் தனிக் கோப்பாக்கி பென் டிரைவில் போடுங்கள். விஎல்சியின் சிவப்புப் பொத்தானாலும் ஓடும் பகுதியைப் பதிவு செய்யலாம், கணினியின் வீடியோஸ் கோப்புறையில் போய் விழும். ஆனால் பதிவின் தொடக்கம் கீஃபிரேமில் அமையாவிட்டால் முதல் சில நொடி படம் கலங்கும், அதனால் கொஞ்சம் முன்னதாகவே பொத்தானை அழுத்திவிடுங்கள்.

மொழிப் பதிவு செய்பவர்களுக்கு மீடியா பிளேயர் போதாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடியினர் வாழும் மாவட்டம் இது. முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைக்க இளைஞர்கள் முன்வருவது மிக மகிழ்ச்சியான செய்தி. பதிவு செய்வதோடு நின்றுவிடாமல் எழுதியும் வைக்க வேண்டும். தோடர் மொழியில் நாக்கு உருளும் ஒலிகள் மூன்று இடங்களில் பிறந்து பொருளை வேறுபடுத்துகின்றன. படுக மொழியின் நாமடி உயிரொலிகளை (நாக்கை மடித்துச் சொல்லும் உயிரொலிகளை) மொழியியலாளர்கள் 1939-லேயே குறித்து வைத்திருக்கிறார்கள். இன்று பெரும்பாலான ஊர்களில் அவை மறைந்துவருகின்றன. ஒரு சொல்லை இரண்டு நொடி லூப்பில் பலமுறை கேட்காமல் இந்த நுணுக்கங்களை எழுத்தில் பிடிக்க முடியாது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கிய ஈலான் என்ற மென்பொருள் இதற்கென்றே ஏற்பட்டது, இலவசம். அலைவடிவத்தில் ஒரு பகுதியை இழுத்துத் தேர்ந்து, 'லூப் மோடு' டிக் செய்து, ஷிஃப்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் அது மட்டும் ஓடும். கீழே அந்த நேரத்தோடு ஒட்டியே தமிழில் தட்டச்சு செய்யலாம். அலைவடிவம் தெரிய, வீடியோவோடு டபிள்யூஏவி (WAV) வகை ஒலிக் கோப்பையும் சேர்க்க வேண்டும். கேட்பதற்குக் காதில் மாட்டும் ஹெட்போன் அவசியம். கைப்பேசி ஒலிபெருக்கி மெல்லிய ஒலிகளைத் தின்றுவிடும்.

வீடியோ எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லூப் போடுவதற்காகவே எடுத்த வீடியோ தனித்துத் தெரியும். கைவேலையைத் தைப்பவரின் வலத்தோளுக்குப் பின்னாலிருந்து எடுங்கள், திருப்பும் வேலையே இருக்காது. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் பொருத்துங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் முன்னும் பின்னும் ஒரு நொடி கையை அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள், ஏ–பி குறிகளுக்கு இடம் கிடைக்கும். ஒரே அசைவை மூன்றுமுறை செய்துகாட்டச் சொல்வது, ஒருமுறை நெருக்கத்தில் எடுப்பதற்கு ஈடாகாது.

வெளிச்சத்தை நம் மலையில் தனியாகக் கவனிக்க வேண்டும். மூடுபனி இறங்கிய பிற்பகலில் அறைக்குள் எடுத்தால் கைப்பேசி வெளிச்சம் போதாமல் ஒவ்வொரு ஃபிரேமையும் நீண்ட நேரம் திறந்து வைக்கும். ஊசியின் நுனி கலங்கலாகப் பதியும். தானியங்கி நிலையில் பல கைப்பேசிகள் அப்போது ஃபிரேம் எண்ணிக்கையையும் தாமாகவே குறைத்துவிடும். ஒரே கோப்புக்குள் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கினால், வெட்டி மாற்றும்போது உதடும் சத்தமும் விலகிப்போவதற்கு அதுதான் காரணமாகிறது. காலை வெயிலில் ஜன்னலோரம் எடுங்கள். கேமரா அமைப்பில் ஃபிரேம் வேகத்தைத் தானே மாற்றும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக மூன்று வேண்டுகோள்கள். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் முதல் ஒளிபரப்பாகிறது. அதில் வரும் கைத்தொழில், உடற்பயிற்சி, இசைப் பாடங்களை யூடியூபில் மட்டும் வைக்காமல் பள்ளிகள் நகலெடுத்துக்கொள்ளும் கோப்புகளாகவும் கல்வித் துறை தர வேண்டும். ஒவ்வொரு பாடத்தோடும் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை எந்த அசைவு என்ற நேரக் குறிப்பு இருக்க வேண்டும்.

யூடியூபில் பயிற்சி வீடியோ போடும் நம்மூர் இளைஞர்கள் விளக்கப் பகுதியில் அந்த நேரக் குறிப்புகளை எழுத வேண்டும். முதல் குறிப்பு 0:00-இல் தொடங்கி, குறைந்தது மூன்று குறிப்புகள், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல் இருந்தால் யூடியூப் அவற்றைத் தானாகவே பகுதிகளாகப் பிரித்துக் காட்டும்.

கடைசி வேண்டுகோள் தங்களுக்கே. தங்கள் இணையதளத்தில் சமையல், கைவேலை, விவசாய வீடியோக்கள் வருகின்றன. அவற்றின் கீழும் நேரக் குறிப்பு வெளியிட்டால் நன்றாக இருக்கும். விஎல்சி, எம்பிவி இரண்டின் விசைகளையும் ஒரு சிறு கட்டமாக, வெட்டி ஒட்டும் அளவில் கல்விப் பக்கத்தில் அச்சிட்டால் பள்ளிக் கணினி அறைகளில் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். கட்டத்தில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், கணினியிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்து தைப்பவர்கள் தலை நிமிர்ந்ததும் படிக்க முடிய வேண்டும்.

இப்படிக்கு,
வீடியோ வழி கைத்தொழில், ஆட்டப் பயிற்றுநர்கள்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.